ஸ்பிண்டில் ஓடினால் ஆர்சிசிபி விழுகிறது, மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது. எர்த்தைக் கழற்றிவிடலாமா?

செந்தூல்_தச்சன்:
வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் குடையும் மெஷின்) வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, சாமி மாடத்துக்கு ஓட்டை ஓட்டையான ஜாலி வேலை, இந்த மாதிரி. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் சட்டம், லீனியர் ரெயில், ஆர்டுயினோ போர்டில் மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள், 24 வோல்ட் சப்ளை. சின்ன டிசி ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. 2.2 கிலோவாட் வாட்டர் கூல் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி பெட்டியும் ஆன்லைனில் வாங்கி மாட்டியதிலிருந்துதான் தலைவலி. ஸ்பிண்டில் ஓடும்போது ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்சை யாரும் தொடாமலே லிமிட் அலாரம் அடித்து வேலை பாதியில் நின்றுவிடுகிறது, சில சமயம் யுஎஸ்பியும் துண்டித்துக்கொள்கிறது. செருப்பில்லாமல் நின்று கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் குறுக்குச் சட்டம்) புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. போதாததற்கு, விஎஃப்டியை ஆன் செய்ததும் அவ்வப்போது ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்டு கசிந்தால் மெயினை வெட்டும் சுவிட்ச்) விழுந்து, மாமியார் பார்க்கும் சீரியலோடு சேர்த்து மொத்த வீடும் இருட்டு.

விஎஃப்டி, பவர் சப்ளை, தண்ணீர் பம்ப், லேப்டாப் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்தான். ஸ்பிண்டிலுக்குப் போவது சாதாரண மூன்று கோர் வயர், ஸ்டெப்பர் வயர், லிமிட் வயர் எல்லாவற்றோடும் ஒரே டிராக் செயினில் (வயரோடு சேர்ந்து வளையும் சங்கிலிக் குழாய்) போகிறது. பக்கத்துப் பட்டறை அண்ணன், "விஎஃப்டி எர்த்தைக் கழற்றிவிடு, விழாது" என்கிறார். அவர் பட்டறையில் அப்படித்தான் ஓடுகிறதாம். செய்யலாமா?

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்:
கழற்றாதீர்கள். விஎஃப்டிக்குள் இருக்கும் நாய்ஸ் (மின் இரைச்சல்) ஃபில்டரில் லைனிலிருந்து எர்த்துக்குச் சின்னச் சின்ன கபாசிட்டர்கள் உண்டு, அவை வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்டு எர்த்துக்குக் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஆர்சிசிபி பார்ப்பது அந்தக் கசிவைத்தான். எர்த்தை எடுத்துவிட்டால் விஎஃப்டி பெட்டி, சட்டம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அடுத்து தொடுகிற ஆள்தான் எர்த். உள்ளே ஒரு இன்சுலேஷன் போனால் சுர் என்பதோடு நிற்காது.

இப்போது சுர்ரென்பதே உங்கள் கேன்ட்ரி ஏற்கெனவே எர்த் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். மூன்று கோர் வயர் என்கிறீர்கள், யூ, வீ, டபிள்யூ என்ற மூன்று மோட்டார் முனைக்கும் போனால் ஸ்பிண்டில் எர்த்துக்கு எது? நாலு கோர் வேண்டும். நாலு கோர் போட்டாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. இந்த ஸ்பிண்டில்களின் தலையில் இருக்கும் வட்டக் கனெக்டரில் நாலு பின் இருக்கும், நாலாவது எர்த் என்று நினைத்து நாம் வயரை வைப்போம், ஆனால் பல ஸ்பிண்டில்களில் அந்தப் பின் உள்ளே எதோடும் சேர்ந்திருக்காது. பவரை எடுத்துவிட்டு மீட்டரை ஓமில் வைத்து நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் உடம்புக்கும் பாருங்கள். ஒரு ஓமுக்குள் வரவேண்டும். வராவிட்டால் தொப்பியைத் திறந்து உள்ளே சேர்க்க வேண்டும், அல்லது ஸ்பிண்டில் கிளாம்ப் போல்ட்டில் வளைய லக் வைத்துத் தனிப் பச்சை-மஞ்சள் வயர் இழுக்க வேண்டும்.

சட்டத்தையும் நம்பாதீர்கள். எக்ஸ்ட்ரூஷன் பளபளப்பாக இருந்தாலும் மேலே இருப்பது அனடைஸ் பூச்சு, அது கரண்டைக் கடத்தாது. ரெயிலின் குண்டுகளுக்கு நடுவே கிரீஸ் வேறு. அதனால் அடிச்சட்டம், கேன்ட்ரி, ஸ்பிண்டில் மேலும் கீழும் போகும் இசட் தட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எர்த் வயர் இழுத்து, லக் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். எல்லா வயரும் கண்ட்ரோல் பெட்டியில் ஒரே செம்புப் பட்டைக்கு வரட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகிற மாதிரி போட்டால் நடுவில் ஒரு நட் லூஸ் ஆகும்போது பின்னால் இருப்பதெல்லாம் எர்த் இல்லாமல் போகும்.

லிமிட் அலாரத்துக்கும் பாதிக் காரணம் இதுதான். விஎஃப்டி வெளியே அனுப்புவது நல்ல சைன் அலை கிடையாது, நொடிக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடும் மின்னழுத்தம். அது சுருளிலிருந்து ஸ்பிண்டில் உடம்புக்குத் தாவும். திரும்பி வர நல்ல வயர் இல்லையென்றால் பேரிங், சட்டம், லிமிட் வயர், யுஎஸ்பி என்று கிடைத்த வழியில் போய்ச் சேரும். 1.5 சதுர மில்லிமீட்டர் நாலு கோர் ஷீல்டு கேபிள், டிராக் செயினுக்கென்று விற்கும் வளையும் வகையாக வாங்குங்கள். ஸ்பிண்டில் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்ய வேண்டும். விஎஃப்டி பக்கம் வெளி உறையை உரித்து ஷீல்டைச் சுற்றி முழுதாகப் பிடிக்கும் உலோகக் கிளாம்ப் போட்டால் நல்லது, முறுக்கி வால் மாதிரி இழுத்துச் செருகினால் பாதிப் பலன் போய்விடும். லிமிட், புரோப் மாதிரி சிக்னல் வயர்களின் ஷீல்டு கண்ட்ரோலர் பக்கம் மட்டும். முடிந்தால் ஸ்பிண்டில் கேபிள் தனி வழியில் போகட்டும், சிக்னல் வயரைத் தாண்டவேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும்.

லிமிட் சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டாக (தொடாதபோது இணைந்தே இருக்கும்படி) மாற்றி ஜிஆர்பிஎல்லில் $5=1 வையுங்கள். வயர் அறுந்தாலும் தெரியும், நாய்ஸும் குறையும். போர்டில் லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று. சிக்னலை வெளிச்சம் வழியாகக் கடத்தும் ஆப்டோ கப்ளர் போர்டு வைத்து 24 வோல்ட்டில் ஓட்டினால் இன்னும் உத்தமம். யுஎஸ்பிக்கு ஃபெரைட் போட்ட குட்டைக் கேபிள், அதிலும் சரியாகவில்லை என்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர்.

ஒரு எச்சரிக்கை. விஎஃப்டியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்காதீர்கள். உள்ளே டிசி பஸ் என்ற கபாசிட்டர் பகுதி 325 வோல்ட்டில் சார்ஜ் ஆகி நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரால் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

கம்பி_மாமா:
பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், வயர்மேன் வேலை பார்த்தவன். தம்பி ஷிப்ட் மெஷின் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார், நான் சுவர்ப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் அந்த எக்ஸ்டென்ஷன் போர்டு. 2.2 கிலோவாட் என்றால் 230-ஆல் வகுத்து பத்து ஆம்பியர்தானே என்று கணக்குப் போடுவார்கள். விஎஃப்டி கரண்டைச் சீராக இழுக்காது, அலையின் உச்சியில் மட்டும் கடிக்கும், முழு லோடில் உள்ளே வருவது இருபது ஆம்பியருக்கும் மேல் போகும். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது தாங்காது. நீங்கள் எம்டிஎஃப் பலகை வெட்டும்போது அவ்வளவு இழுக்காது என்பதால் இதுவரை தப்பித்திருக்கிறீர்கள், பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். வீட்டு மெயின் பெட்டியான டிபி பாக்ஸிலிருந்து விஎஃப்டிக்கு மட்டும் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், விஎஃப்டி கையேட்டில் சொன்ன எம்சிபி (கரண்டு அளவு மீறினால் விழும் சுவிட்ச்), முனையில் பிளக் இல்லாமல் ஐசொலேட்டர் சுவிட்ச். இதை உரிமம் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள், சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சட்டமும் அதுதான்.

எர்த்தைக் கழற்றுவது நம் மலேசியாவில் ஏன் இரட்டை ஆபத்து என்றால், இங்கே பெரும்பாலான வீடுகளில் எர்த் என்பது வாசலில் அடித்த நம் சொந்தக் கம்பிதான், மின்சார நிறுவனமான டிஎன்பி எர்த் வயர் கொடுப்பதில்லை. கம்பியின் தடை பத்து ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் நேராக மெஷின் உடம்பில் பட்டால்கூட 230-ஐப் பத்தால் வகுத்து 23 ஆம்பியர்தான் ஓடும், 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு ஒரு மணி நேரம்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். உயிரைக் காப்பது ஆர்சிசிபி ஒன்றுதான், எர்த்தைக் கழற்றினால் ஆள் தொடும்வரை அதற்கும் கசிவு தெரியாது. அது விழுகிறது என்று 30-க்குப் பதில் 300 மில்லி ஆம்பியர் போடச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

வயர் நிறத்திலும் கவனம். உங்கள் விஎஃப்டிக்கு வரும் வளையும் வயரில் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் பழைய வீட்டுச் சுவரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், த்ரீ பேஸ் வந்திருக்கும் வீட்டில் நீலமே ஒரு பேஸாக இருக்கும். நிறத்தை நம்பி முடுக்காமல் டெஸ்டரால் பார்த்து முடுக்குங்கள். திருகு முனையில் ஈயம் வைத்த வயரைச் செருகாதீர்கள், ஈயம் நாளாக நாளாக அமுங்கி லூஸ் ஆகும். ஃபெரூல் (வயர் முனைக்கான உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள்.

அம்பாங்_ரூட்டர்:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை பாஸ். வீட்டு எர்த் நாய்ஸ் நிறைந்த அழுக்கு எர்த். பின்கட்டில் மண் இருந்தால் மெஷினுக்குத் தனியாக ஒரு செம்புக் கம்பி அடித்து அதில் கட்டுங்கள். யூடியூபில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கம்பி_மாமா:
அம்பாங் தம்பி, வேண்டாம். தனிக் கம்பி என்றால் மெஷின் ஒரு எர்த்தில், யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டர் வீட்டு எர்த்தில். சாயங்கால மழையில் பக்கத்தில் ஒரு இடி விழுந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும், அது கடக்கிற பாலம் உங்கள் யுஎஸ்பி கேபிள். கோலாலம்பூரில் இடிக்குப் பஞ்சமா? கம்பி அடித்தே தீரவேண்டும் என்றால் அதை வீட்டு எர்த்தோடு தடித்த வயரால் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் அது தனி எர்த்தும் இல்லை.

செந்தூல்_தச்சன்:
ரொம்ப நன்றி மாமா, ஷிப்ட் அண்ணே. நாலாவது பின்னைப் பார்த்தேன், மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, சும்மா ஒரு பின். தொப்பியைத் திறந்தால் உள்ளே மூன்று வயர்தான், நாலாவதுக்கு ஈயம் வைத்த தடமே இல்லை. இப்போதைக்குக் கிளாம்ப் போல்ட்டிலிருந்து வயர் இழுத்துவிட்டேன், கேன்ட்ரியிலும் சுரண்டி லக் போட்டாயிற்று. ஜாலான் பாசார் கடைத்தெருவில் ஷீல்டு கேபிள் வாங்கி மாட்டியதும் லிமிட் அலாரம் நின்றுவிட்டது, சுர்ரும் இல்லை. தனி லைனுக்கு வயர்மேன் அடுத்த வாரம் வருகிறார். ஆனால் வாஷிங் மெஷின் ஓடும்போது ஸ்பிண்டிலைப் போட்டால் ஆர்சிசிபி இன்னும் விழுகிறது. எர்த் சரியான பிறகும் ஏன்?

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்:
எர்த் சரியானதால்தான், கசிவு இப்போது முழுதாக அந்த வழியில் போகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்றால் 30 வரை காத்திருக்கும் என்று அர்த்தம் இல்லை, 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். விஎஃப்டி கொஞ்சம், பவர் சப்ளை கொஞ்சம், வாஷிங் மெஷின் ஃபில்டர் கொஞ்சம், எல்லாம் ஒரே ஆர்சிசிபியில் கூடுகிறது. வயர்மேன் வரும்போது சிஎன்சி லைனுக்கு மட்டும் தனி ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள், சைன் அலைக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை வேண்டாம், குறைந்தது ஏ வகை, விஎஃப்டி கையேட்டில் பி வகை என்றிருந்தால் விலை கடித்தாலும் அதுவே.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். வாளிக்குள் கிடக்கும் அந்த மலிவுப் பம்பைப் பிடுங்கிவிட்டு, வாஷிங் மெஷினோடு சேர்த்து ஸ்பிண்டிலைப் பத்து விநாடி குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் பம்பின் சீலைச் சந்தேகப்படலாம், தண்ணீர் உள்ளே போயிருக்கும். பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், வாளிக்குள் கையை விடுமுன் பிளக்கை எடுத்துவிட்டு.