கதாபாத்திர வளர்ச்சி விதியில் சிக்கல், யோசனை சொல்லுங்களேன்

நண்பர்களே, நானே விதிகள் எழுதி ஒரு மாயாஜால உலக ரோல்பிளேயிங் கேம் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் வகை. வலிமை, வேகம், அறிவு என்று ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறோம். சராசரி 10.5 தான், ஆனால் ஒருவருக்கு 16, 15 என்று விழ, பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாமே 8, 9. ஆட்டம் முழுக்க அந்த வித்தியாசம் கூடவே வருகிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. நான்கு உருட்டிச் சிறியதை விட்டுவிட்டால் சராசரி சுமார் 12.2 ஆகும், ஆனால் இடைவெளி பெரிதாகக் குறையாது. எல்லோருக்கும் சமமாகப் புள்ளிகள் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் நியாயம்தான், அப்புறம் எல்லாப் போர்வீரரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து நிற்கிறார்கள்.

பெரிய தலைவலி வளர்ச்சிதான். லெவல் எதுவும் வேண்டாம், பயன்படுத்தும் திறமையே வளரட்டும் என்று வைத்தேன். இப்போது தேவையே இல்லாமல் கண்ணில் படும் பூட்டையெல்லாம் திறக்கிறார்கள், கதை நகரவே இல்லை. முயற்சியில் தோற்றால் மட்டும் அந்தத் திறமையின் வளர்ச்சிக்கு ஒரு குறி, அதுவும் ஒரு அமர்வில் ஒரு திறமைக்கு ஒன்றுதான் என்று மாற்றலாமா? அப்படிச் செய்தால் அரிதாகவே பகடை உருட்டும் வைத்தியர் பாத்திரம் பின்தங்கிவிடுமா? இந்த மாதிரி ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.