பெட்ரோல் முள் எழும்பவே மாட்டேன் என்கிறது

கேள்வி: 1972 மாடல் டூ சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் முள் காலிக் கோட்டிலேயே படுத்துக் கிடக்கிறது. பக்கத்து டெம்பரேச்சர் முள் ஒழுங்காக ஏறுகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. மீட்டரைக் கழற்றுவதற்குள் இடுப்பு போய்விடும். முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில் 1: டேஷ்போர்டைத் தொடாதீர்கள். டெம்பரேச்சர் மீட்டரும் மின்சார வகைதான் என்றால் இரண்டுக்கும் பொதுவான ஸ்டெபிலைசர் (மீட்டர்களுக்குச் சீரான வோல்டேஜ் தரும் பாகம்) நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது போனால் இரண்டு முள்ளும் சேர்ந்தே தப்புக் காட்டும். சாவியை அணைத்துவிட்டு, டேங்க் சென்டரின் (sender, டேங்கில் இருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) சிக்னல் வயரைக் கழற்றி, காரின் பாடி இரும்பில் தொடவைத்து எர்த் செய்யுங்கள். அப்புறம் சாவியைப் போடுங்கள். முள் மெல்ல ஃபுல் பக்கம் ஏறினால் மீட்டரும் வயரும் சரி. ஏறியதும் அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் மீட்டர் கெடும்.

கேட்டவர்: சோம்பலாக ஏறி ஃபுல்லைத் தொட்டது!

பதில் 2: அந்தச் சோம்பல் பைமெட்டல் மீட்டரின் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை நகர்த்தும் வகை) சுபாவம், கவலை வேண்டாம். மீட்டர் சரி என்பதால் இனி பார்க்க வேண்டியது சென்டரின் எர்த் வயர். அதைப் பாடியோடு பிடித்திருக்கும், துரு பிடித்த அந்த ஒரு ஸ்க்ரூதான் பாதிப் பேருக்கு வில்லன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் சரியாகவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோலைக் குறைத்து, திறந்த வெளியில் சென்டரை எடுங்கள். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. மிதவையின் கையை மேலும் கீழும் அசைக்கும்போது மல்டிமீட்டரில் சென்டரின் ஓம்ஸ் (மின்தடை) சீராக மாற வேண்டும். மாட்டும்போது புது சீல் போடுங்கள், பழையது கசியும்.