பேனல் நார்மல், ஹீட் டிடெக்டர் செத்துக் கிடக்கிறது: உங்கள் சைட்டில் கண்டதை எழுதுங்கள்

24வோல்ட்

கல்யாண மண்டபத்துச் சமையற்கூடம். தீ அலாரத்துக்குக் கன்வென்ஷனல் பேனல் (ஹெட் ஹெட்டாகப் பார்க்காமல், ஒரு லைனில் உள்ளதையெல்லாம் ஒரே ஜோனாகப் பார்க்கும் வகை), ஜோன் 3. பேனலில் பச்சை விளக்கு மட்டும்தான், ஃபால்ட் கிடையாது. முதல் நான்கு ஹீட் டிடெக்டரும் சூடு காட்டியதும் எல்.ஈ.டி. பிடித்தன. ஐந்தாவதிலிருந்து ஒன்றுமே அசையவில்லை. ஹெட்டை, அதாவது சூட்டை உணரும் பகுதியை, திருகிக் கழற்றியாயிற்று. அதை மாட்டும் பேஸ் காலியாகத் தொங்குகிறது, கீழே பேனல் இன்னும் 'நார்மல்' என்கிறது. மனதை விட்டுப் போகாதது இதுதான்.

ஐந்தாவது பேஸில் மீட்டர் வைத்தால் 0. நான்காவதில் 20 வோல்ட்டை ஒட்டி வருகிறது. நடுவில், அடுப்புப் புகைக்கு டக்ட் ஏற்றியவர்கள் கேபிளை வெட்டி இரண்டு முனையிலும் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வெட்டுப்பட்டதைப் பேனல் ஏன் சொல்லவில்லை என்றால், கடைசி பேஸில் இருக்க வேண்டிய 4.7 கே எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் பேனல் டெர்மினலிலேயே முறுக்கப்பட்டிருந்தது. அந்த ரெசிஸ்டர் வழியாக ஓடும் சில மில்லி ஆம்பியரைப் பார்த்துத்தான் லைன் முழுசாக இருக்கிறது என்று பேனல் நம்புகிறது. ரெசிஸ்டர் பேனலுக்குள்ளேயே இருந்தால், வெளியே மொத்தக் கேபிளையும் உருவி எடுத்தாலும் அது நம்பிக்கொண்டுதான் இருக்கும். ஓப்பன் ஃபால்ட்டை (லைன் அறுந்த கோளாறை)த் தேட நேரமில்லாமல் யாரோ இப்படி அணைத்திருக்கிறார்கள்.

இப்படி வேறு எங்கெல்லாம் பார்த்தீர்கள்?

ஏணிமேல்

ரெசிஸ்டர் சரியான இடத்தில் இருந்தாலும் போதாது சார். ஜவுளிக்கடை குடோன் ஒன்றில் ரெசிஸ்டர் கடைசி பேஸில்தான் இருந்தது. ஆனாலும் நடுவில் இரண்டு ஹெட்டைக் கழற்றினால் ஃபால்ட் வரவில்லை. பேஸைத் திறந்தால், உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் ஒரே ஸ்க்ரூவில் சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. அப்படிப் போட்டால் லைன் பேஸைத் தாண்டி நேராக ஓடிவிடும். ஹெட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இன் தனி, அவுட் தனி, நடுவில் இணைப்பது ஹெட்டின் காண்டாக்ட் மட்டும். டீ ஜாயின்ட் போட்டு இழுத்த கிளையும் இதே கதைதான். கன்வென்ஷனல் ஜோனில் கிளை அறுந்தால் யாருக்கும் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு ஹெட்டாகக் கழற்றி, பேனல் பக்கம் ஒருவரை நிறுத்திப் பார்ப்பது. ஈ.என். 54 (தீ அலாரக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை) பகுதி 2 படி 100 நொடிக்குள் ஃபால்ட் காட்டியாக வேண்டும். அதனால் கழற்றியவுடன் 'வரவில்லை' என்று முடிவுகட்டாமல் காத்திருங்கள். ஷாட்கி டயோடு உள்ள பேஸ் என்றால், ஹெட் கழன்றாலும் அடுத்துள்ளவை அலாரம் கொடுக்கும். ஃபால்ட் வருகிறதா என்பதை அங்கேயும் பார்க்கத்தான் வேண்டும்.

ஜெனரேட்டர்ரூம்

எங்கள் பக்கம் வேறு மாதிரி. டெக்னாலஜி பார்க் ஒன்றின் டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) ரூம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஹூட்டர் அலறும். செக்யூரிட்டி அலுத்துப்போய் அந்த ஜோனையே டிசேபிள் செய்துவிட்டார்கள். பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டீசல் டேங்க் இருக்கிற அறைக்குக் காவலே இல்லை.

போட்டிருந்தது ரேட் ஆஃப் ரைஸ் வகை. நிமிடத்துக்கு 8.3 டிகிரிக்கு மேல் ஏறினால் அடிக்கும் வகை அது. ரேடியேட்டர் காற்று திரும்பி அறைக்குள் வரும் இடத்தில் அதை வைத்தால் தினம் அடிக்கத்தான் செய்யும். கழற்றிவிட்டு 78 டிகிரி ஃபிக்ஸட் (அந்தச் சூட்டை எட்டினால் மட்டும் அடிப்பது) போட்டதும் சத்தம் நின்றது, ஜோனும் எனேபிள் ஆனது. சமையற்கூடத்திலும் இட்லிப் பானையைத் திறக்கும் இடத்துக்கு மேலே ரேட் ஆஃப் ரைஸ் வேண்டாம்.

லூப்கார்டு

78 என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதைப் படித்துவிட்டு எல்லா சமையற்கூடத்துக்கும் 78 வாங்கி மாட்டுவார்கள். அந்த அறையின் கூரையடியில் சாதாரணமாக எவ்வளவு சூடு ஏறும் என்பதை முதலில் அளக்க வேண்டும். ஈ.என். 54 பகுதி 5-இல் ஏ1 வகுப்பு 54-இலிருந்து 65 டிகிரிக்குள் அடிக்க வேண்டும். அது இருக்கும் இடம் 50-ஐத் தாண்டக் கூடாது. பி வகுப்பு 69-இலிருந்து 85, இடத்தின் உச்சம் 65. பெயருக்குப் பின்னால் எஸ் இருந்தால் ஃபிக்ஸட் மட்டும், ஆர் இருந்தால் ரேட் ஆஃப் ரைஸும் உண்டு. ஹெட்டின் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். டி.ஜி. ரூமுக்கு பி வகுப்பில் எஸ் சரி. ஏ.சி. இல்லாவிட்டாலும் காற்றோட்டமான சமையற்கூடத்துக்குப் பெரும்பாலும் ஏ1 எஸ் அல்லது ஏ2 எஸ் போதும். தேவையில்லாமல் 78-க்குப் போனால் அந்த இருபது டிகிரிக்கும் நெருப்பு வளர்ந்துகொண்டிருக்கும். தகரக் கூரைக்கு மே மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெயின்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றின் லாண்டரியில் சீலிங்கோடு சேர்த்து ஹீட் டிடெக்டருக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். கூண்டுக்குள் சூட்டை உணரும் தெர்மிஸ்டர் மணி மேல் எமல்ஷன் கெட்டியாகக் காய்ந்திருந்தது. ஏர் ஹீட்டரை வைத்தால் பக்கத்து ஹெட் பிடிக்கும் நேரத்தைவிட மூன்று மடங்கு ஆகிறது. தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். மாற்றத்தான் வேண்டும். பழைய நியூமாட்டிக் வகையில் (சூட்டில் விரியும் காற்று டயஃப்ரம் என்ற மெல்லிய தகட்டைத் தள்ளும்) இது எதிர்ப்பக்கம் போகும்: சின்ன வென்ட் துளை அடைத்தால், மெதுவாக ஏறும் சூட்டுக்கும் டயஃப்ரம் உப்பிப் பொய் அலாரம் கொடுக்கும், டயஃப்ரம் கிழிந்தால் ரேட் ஆஃப் ரைஸ் போய்விட்டு ஃபிக்ஸட் மட்டும் மிஞ்சும்.

ஜெனரேட்டர்ரூம்

சமையற்கூடத்துக்கு 78 என்று நான் சொல்லவே இல்லை. ரேட் ஆஃப் ரைஸ் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஏணிமேல்

லூப்கார்டு சொன்ன 'மூன்று மடங்கு' எந்தக் கருவியில் எடுத்தது? கான்ட்ராக்டர்கள் பாதிப் பேர் பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைத்தான் ஏணியில் ஏற்றுகிறார்கள். அதன் வாயில் 300 டிகிரிக்கு மேல் வரும். அதை மூன்று அங்குலத்தில் பிடித்தால் பெயின்ட் அடித்த ஹெட்டும் உடனே அடித்துவிடும், நல்லதென்று டிக் போட்டுவிடுவார்கள். கூண்டு உருகி வளைந்த ஹெட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன. கம்பின் நுனியில் கப் வைத்த ஹீட் டெஸ்டர்தான் சரி. இல்லாவிட்டால் சாதாரண ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, எல்.ஈ.டி. நின்று எரிந்தவுடன் எடுத்துவிடுங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் விபரீதம் ஆவது இங்கேதான். ஏணியில் ஏறும் முன் பேனலில் அவுட்புட்டுகளைப் பாருங்கள். லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்குவது, ஏ.எச்.யு. (ஏ.சி. காற்றை ஊதும் யூனிட்) டிரிப், கதவு ரிலீஸ், கேஸ் லைன் சோலனாய்டு, வாயு அடித்துத் தீயை அணைக்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் டிசேபிள் செய்து எதை எதை என்று தாளில் எழுதுங்கள். அந்த அணைப்பு சிலிண்டரைத் திறந்துவிடும் ஆக்சுவேட்டரைக் கையாலேயே கழற்றி வையுங்கள். மெனுவில் டிசேபிள் செய்ததை மட்டும் நம்ப வேண்டாம். ஃபயர் ஸ்டேஷனுக்கோ கண்காணிப்பு மையத்துக்கோ சிக்னல் போகிறதென்றால் அவர்களுக்கு முன்கூட்டியே போன். பிறகு பேனலை வாக் டெஸ்ட் என்ற சோதனை முறைக்கு மாற்றுங்கள். அதில் ஹூட்டர் சின்னதாகக் கத்திவிட்டு பேனல் தானாக ரீசெட் ஆகும். சூடு ஆறாத ஹெட் ரீசெட் ஆனதும் மறுபடி அடிக்கும். அதைக் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள், நிமிடம் இரண்டு விடுங்கள். நடுவில் பெரிய வட்டத் தகடு உள்ள, ஒருமுறை மட்டும் வேலை செய்யும் ஃபியூசிபிள் வகைக்குச் சூடே காட்டக் கூடாது. காட்டினால் உருகிவிடும், புதுசுதான் வாங்க வேண்டும். அமெரிக்கத் தீ அலார விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 72-இல் அவற்றை 15 வருடத்தில் மாற்றவோ, நூற்றுக்கு இரண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவோ சொல்கிறார்கள். முடித்ததும் தாளை எடுத்து, டிசேபிள் செய்த ஒவ்வொன்றையும் எனேபிள் செய்தாயிற்றா என்று இரண்டு பேர் பாருங்கள்.

ஃபால்ஸ்சீலிங்

ஐ.டி. ஆபீஸ் பான்ட்ரி. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து, மேலே கான்கிரீட் தெரியும்படி கறுப்பு அடித்தார்கள். டிடெக்டர்களை எடுக்கவில்லை. ஃபிளெக்சிபிள் பைப்பில் ஸ்லாபிலிருந்து முக்கால் மீட்டர் கீழே ஹீட் டிடெக்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சோதனையில் எல்லாம் பாஸ்! கப்பை வைத்தால் எங்கே தொங்கினாலும் அடிக்கும். நெருப்புச் சூடு முதலில் ஸ்லாபை ஒட்டித்தான் பரவும். பி.எஸ். 5839 (பிரிட்டிஷ் தரநிலை) பகுதி 1 படி ஹீட் டிடெக்டரின் உணரும் பகுதி கூரையிலிருந்து 25 முதல் 150 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்மோக்குக்கு 600 வரை விடுவார்கள், ஹீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே பான்ட்ரியில் ஸ்மோக்குக்குப் போட்ட இடைவெளியிலேயே ஹீட்டையும் போட்டிருந்தார்கள். ஒரு ஹீட் டிடெக்டர் காக்கும் ஆரம் 5.3 மீட்டர்தான், சதுரமாக அடுக்கினால் 7.5 மீட்டருக்கு ஒன்று, சுவரிலிருந்து 3.75. சுவரையும் பெரிய பீமையும் ஒட்டி அரை மீட்டர் விடுங்கள். ஏ.சி. கிரில்லிலிருந்து ஒரு மீட்டர்.

மெகர்500

ஒரே ஒரு விஷயம். 24வோல்ட் சொன்ன மாதிரி வெட்டுப்பட்ட கேபிளைச் சேர்த்த பிறகு மெகர் (500 வோல்ட் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவீர்கள். போடும் முன் அந்த ஜோனின் எல்லா ஹெட்டையும் கழற்றி, கேபிளைப் பேனலிலிருந்தும் பிரித்துவிடுங்கள். 500 வோல்ட் ஹெட்டுக்குள் போனால் போனதுதான். பிளாஸ்டிக் டேப் ஜாயின்ட்டை விட்டுவிடாதீர்கள். நடுவே ஜங்ஷன் பாக்ஸ் வைத்து கனெக்டரில் இறுக்குங்கள், கேபிளின் உலோகக் கவசமான ஆர்மரையும் தொடர்ச்சியாக்கி எர்த் செய்யுங்கள்.

24வோல்ட்

ஜங்ஷன் பாக்ஸ் வைத்தாயிற்று. 1.5 சதுர மி.மீ. இரண்டு கோர் எஃப்.ஆர்.எல்.எஸ். (எளிதில் தீப்பற்றாத, குறைந்த புகை விடும்) கேபிள் துண்டு இழுத்து இரண்டு பக்கமும் கிளாண்ட் போட்டிருக்கிறது. ரெசிஸ்டரைக் கடைசி பேஸுக்கு மாற்றி, பேஸின் வெளிப்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அடுத்து வருகிறவர் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஹெட்டையும் கழற்றிப் பார்த்ததில் எட்டாவதில் மட்டும் ஃபால்ட் வரவில்லை. ஏணிமேல் சொன்னதேதான்: இரண்டு வயரும் ஒரே ஸ்க்ரூ. அதையும் பிரித்துப் போட்டாயிற்று. அந்த மண்டபத்தில் ஜோன் 1, 2, 4 மூன்றிலும் ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் திறந்து பார்க்க வேண்டும்.