மறு: ‘கவுச் சர்ஃபிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பயணத்தில் முன்பின் தெரியாதவர் வீட்டில் காசு கொடுக்காமல் தங்கும் ‘கவுச் சர்ஃபிங்’ வழக்கத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. எனக்குப் பட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

> ‘சோபா உலாவல்’ என்று நேராகவே வைத்துவிடலாமே. உலாவி, உலாவல் எல்லாம் ஏற்கெனவே பழகிய சொற்கள்.

பழகியதுதான் சிக்கல், ஐயா. உலாவல் என்றாலே இப்போது இணையம்தான் நினைவுக்கு வருகிறது. ‘சோபா உலாவல்’ என்று படிப்பவர், யாரோ சோபா வாங்க இணையத்தில் விலை பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்.

அதோடு, இந்த வழக்கத்தில் சோபா ஒரு பொருட்டே இல்லை. பயணிகளுக்கு வீட்டில் இடம் தரும் செர்வாஸ் 1949-இல் அமைதி இயக்கமாகத் தொடங்கியது. எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழி பேசுவோரின் பாஸ்போர்டா செர்வோ, இடம் தருகிறவர்களின் முகவரிப் பட்டியலை 1974 முதல் சிறு நூலாக அச்சிட்டு வந்தது. மிதிவண்டிப் பயணிகளின் வார்ம்ஷவர்ஸ் 1993-இல் வந்தது. அதன் பெயரிலேயே வெந்நீர்க் குளியல்தான் இருக்கிறது. படுக்கைக்குச் சில வீடுகளில் கூடாரம் போடத் தோட்டத்தில் இடம் தருவார்கள், அவ்வளவுதான். சோபாவைப் பெயரில் வைத்த தளம் வந்ததோ 2004-இல். எல்லோரும் செய்தது ஒரே காரியம். அந்தக் காரியத்துக்குத்தான் சொல் வேண்டும். தளத்தின் பெயரைக் ‘கவுச்சர்ஃபிங்’ என்று அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்.

> ‘இலவசத் தங்கல்’ போதாதா? காசில்லாமல் தங்குவதுதானே விஷயம்?

எனக்கு இதில்தான் பெரிய மறுப்பு. முதலாவது, அது முழு உண்மையும் இல்லை. கவுச்சர்ஃபிங் 2011-இல் லாப நோக்குள்ள நிறுவனமாக மாறி, 2020-இல் பல நாடுகளில் உறுப்பினர் கட்டணம் கேட்கத் தொடங்கிவிட்டது. இடம் தருகிறவருக்குக் காசு போவதில்லை, தளத்துக்குப் போகிறது. அந்தத் தளத்தைப் பற்றி ‘இலவசத் தங்கல் தளம் கட்டணம் விதித்தது’ என்று செய்தி எழுத வேண்டி வந்தால் எப்படி இருக்கும்?

இரண்டாவது, படுக்க இடம் மட்டும் தேடுகிறவருக்கு இதில் பெரும்பாலும் இடமே கிடைக்காது. பத்துப் பேருக்கு ஒரே மடலை நகலெடுத்து அனுப்புகிறவரை இடம் தருகிறவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘நீங்கள் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் திறந்து காட்டுவீர்களா?’ என்று கேட்கிறவருக்குக் கதவு திறக்கும். கவுச்சர்ஃபிங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான கேசி ஃபென்டன், 1999-இல் ஐஸ்லாந்துக்கு மலிவாக விமானச் சீட்டு கிடைத்தபோது அங்குள்ள மாணவர்கள் சுமார் 1500 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி இடம் கேட்டாராம். அது மொத்தமாக அனுப்பிய மடல்தான். இன்று அப்படி அனுப்பினால் பதில் வருமா என்பது சந்தேகமே.

(கிண்டலாக ஒருவர் எழுதிய ‘ஓசிப் பயணம்’ என்பதைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கடைசியில் மக்கள் வாயில் அதுதான் நிற்கும் என்று எனக்கும் பயம்.)

> ‘ஒண்டல்’ நல்ல தமிழ்ச் சொல். சின்னதாகவும் இருக்கிறது.

நல்ல சொல்தான், ஆனால் வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. வாடகை கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள், இன்று ஒரு நண்பர் வீடு, நாளை இன்னொருவர் வீடு என்று நாளைத் தள்ளுவதையும் ஆங்கிலத்தில் ‘கவுச் சர்ஃபிங்’ என்றுதான் சொல்கிறார்கள். தெருவில் படுக்காததால் அவர்கள் கணக்கெடுப்பிலும் எளிதில் அகப்படுவதில்லை. விரும்பி ஊர் சுற்றுகிறவருக்கும் போக்கிடம் இல்லாதவருக்கும் ஒரே சொல் என்பது ஆங்கிலத்தின் குறை. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? ஒண்டித் தங்குவதை அவர்கள் நிலைமைக்கு விட்டுவிடுவோம்.

இடம் தருகிறவருக்குப் ‘புரவலர்’ என்றால் வருகிறவர் இரவலர் ஆகிவிடுவார். ‘வீட்டுக்காரர்’ என்றால் வாடகை வாங்குகிறவர், இல்லாவிட்டால் கணவர். ‘ஓம்புநர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. உயிரியலில் ஒட்டுண்ணிக்கு இடம் தரும் ஓம்புயிரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், ஓம்புயிரிக்குப் பக்கத்தில் என்ன சொல் வரும் என்பதை மட்டும் விருந்தாளிகளுக்கு நினைவூட்ட வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: விருந்தாளிப் பயணம், விருந்தாளிப் பயணி, ஓம்புநர். ‘விருந்துப் பயணம்’ வேண்டாம், சாப்பிடப் போவது போலிருக்கிறது.

- - -

> விருந்தாளிப் பயணம் என்றால் சித்தப்பா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதும் அதுதானே? முன்பின் தெரியாதவர் வீடு என்பது சொல்லில் எங்கே வருகிறது?

நல்ல கேள்வி, அம்மா. விருந்து என்ற சொல்லின் பழைய பொருளே புதுமைதான். விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். குறளிலும் (43) ‘விருந்தொக்கல்’ என்று விருந்தும் சுற்றமும் தனித்தனியாகத்தான் எண்ணப்படுகின்றன. சித்தப்பா ஒக்கலில் சேர்த்தி. இன்றைய வழக்கில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறவினர் வீட்டுக்குப் போவதை யாரும் ‘பயணம்’ சேர்த்துச் சொல்வதில்லை, ‘ஊருக்குப் போகிறேன்’ என்பதோடு முடிந்துவிடும். அதனால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

> ‘விருந்தோம்பல் பரிமாற்றம்’ என்று சில இடங்களில் பார்த்தேனே?

பரிமாற்றம் என்றால் நீ என் வீட்டுக்கு வா, நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று ஆகும். இங்கே அப்படி இல்லை. உங்களிடம் தங்கியவர் வேறு யாருக்கோ இடம் தருவார், உங்களுக்கு இன்னொருவர் தருவார். பரிமாற்றத்தை வீடுமாற்றித் தங்குகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று பாக்கி. தங்கி முடித்ததும் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தளத்தில் எழுதும் குறிப்புக்கு என்ன சொல்வது? ‘பரிந்துரை’ ஒத்துவராது, ஏனென்றால் அதில் குறையும் எழுதலாம். ‘சான்றுரை’ அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கிறது. வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.