மறு: 'தரைமேல் முளைத்தல்' – மாற்றுச் சொல் தேவையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல் இரண்டும் பாடத்தில் நிலைத்துவிட்ட சொற்கள். மாற்றக் காரணம் வேண்டும்.

விதை முளைக்கும் இரண்டு விதங்களுக்குப் பாடத்தில் வைத்த இந்தப் பெயர்களை மாற்றக் காரணம் இருக்கிறது ஐயா. எங்களுக்குக் காரிமங்கலத்துப் பக்கம் ராகிக் கொல்லை. ராகிக்கு நடுவே சால் சாலாக அவரையும் துவரையும் போடுவோம். மழை பெய்த நாலைந்து நாளில் போய்க் குனிந்து பார்த்தால் அவரை கொக்கி மாதிரி வளைந்து மண்ணை நெம்பிக்கொண்டிருக்கும். நிமிரும்போது விதையின் இரண்டு பருப்பும் அதன் தலையில் இருக்கும். பக்கத்துச் சாலில் துவரை வெறும் குருத்தோடு வரும். அதன் பருப்பு மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

இப்போது சொல்லுங்கள், இரண்டில் எது தரைக்கு மேல் முளைக்கவில்லை? துவரையைத் 'தரைகீழ் முளைத்தல்' என்றால் படிக்கிற பிள்ளை குழம்பத்தான் செய்யும். epigeal, hypogeal என்ற ஆங்கிலச் சொற்களின் கிரேக்க வேரில் 'நிலத்துக்கு மேல்', 'நிலத்துக்குக் கீழ்' என்று இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டோம். மேலே வருவதும் கீழே நிற்பதும் விதையிலைதான் (நாம் பருப்பு என்கிறோமே, அது), முளை அல்ல. அந்த விதையிலை நம் சொல்லில் இல்லவே இல்லை.

என் அம்மா அவரையைப் பார்த்து, "பருப்பைத் தலையில ஏந்திக்கிட்டு வருது" என்பார். புளியங்கன்றுக்கும் அதையே சொல்வார். அதிலிருந்து வந்ததுதான் என் பரிந்துரை: ஏந்துமுளை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. 'ஏந்து' இலக்கியச் சொல்லாகத் தெரிகிறது என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். தீச்சட்டி ஏந்துகிற ஊர்களில் அது வாய்ச்சொல்தான் அம்மா.

துவரை, மா போன்றவற்றுக்கு முதலில் 'புதைமுளை' என்று வைத்துப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் முளையே புதைந்து போனதாகிறது. 'தங்குமுளை'யிலும் அதே கோளாறு. பருப்பை மண்ணில் விட்டுவிட்டு வருவதால் விடுமுளை என்கிறேன். 'விடுமுறை'யோடு ஒலி நெருங்குவது ஒரு குறைதான். ஆனால் இரண்டு சொல்லிலும் வினையைச் செய்வது முளையே என்பதால் இணையாக நிற்கின்றன.

இந்த வேறுபாடு வெறும் பாடத்துக்கு மட்டுமானது அல்ல. மயில் அவரையைப் பருப்புக்குக் கீழே கொத்திவிட்டால் அதோடு முடிந்தது, திரும்ப ஊன்ற வேண்டும். துவரையில் மேலே கொத்தினாலும், மண்ணுக்குள் பருப்பு ஒட்டியிருக்கும் கணுவில் மொட்டு இருப்பதால் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். மழைக்குப் பின் மண் இறுகினாலும் பருப்பைச் சுமந்து வருகிற அவரைக்குத்தான் சிரமம்.

'முளை' என்பதற்குப் பதில் 'நாற்று' போடலாமா என்ற கேள்விக்கு: நாறுதல் என்றால் பழந்தமிழில் தோன்றுதல், முளைத்தல் என்றும் பொருள் உண்டு. தெலுங்கில் இன்றும் 'நாரு' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் இன்று அது பிடுங்கி நடுவதற்கே உரியதாகிவிட்டது. முளை அப்படிச் சுருங்கவில்லை. கன்னடத்தில் மொளகெ, தெலுங்கில் மொலக என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் புரியும்.

'ஏந்துதண்டு' என்பதை விதையிலைக்குக் கீழுள்ள தண்டுக்குப் பொதுப்பெயராக்க வேண்டாம். துவரையிலும் அந்தத் தண்டு உண்டு, குட்டையாக. அது எதையும் ஏந்துவதில்லை. அதற்குக் கீழ்த்தண்டு போதும்.

அப்புறம், பனை. அதையும் பாடத்தில் தரைகீழ் வகையில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் பனங்கொட்டையிலிருந்து விதையிலையின் காம்பு நீண்டு, கருவையே மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. விதையிலையின் மறுமுனை கொட்டைக்குள் பஞ்சு போல உப்பி நிற்கும், சிறுவயதில் வெட்டித் தின்போமே, அதுதான். இதை விடுமுளை என்று சொல்ல மனம் வரவில்லை. இறங்குமுளை என்று தனியே வைக்கலாமா? பனை விதை ஊன்றிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து