களியலைக் கலைக்கப் பார்த்தோம், கலைய மாட்டேன் என்கிறது

தக்கலைக்காரன்:
நாங்கள் 12 பேர் சேர்ந்து ஒரு நிகழ்த்துகலை செய்யலாம் என்று இறங்கியிருக்கிறோம். ஒழுங்கும் குழப்பமும் ஒன்றையொன்று பிடித்து இழுக்க வேண்டும், அதுதான் யோசனை. நடுவில் குத்துவிளக்கு, சுற்றிக் களியல் (கையில் கம்போடு வட்டமாக நின்று அடித்து ஆடும் எங்கள் குமரிப் பக்கத்து ஆட்டம்), ஆசான் தாளம் போட்டுப் பாடுவார், பாதியில் 4 பேர் தாளத்தை விட்டுவிட்டு வட்டத்தைக் கலைக்க வேண்டும். ஒத்திகையில் அந்த 4 பேரும் கண்டபடி ஆட ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கால் தானாகத் தாளத்துக்குத் திரும்பிவிட்டது. காதில் பஞ்சு வைத்தும் பார்த்தோம், பக்கத்தில் ஆடுகிறவன் தோள் அசைவதைப் பார்த்தே சேர்ந்துகொள்கிறார்கள். வேண்டுமென்றே தப்பாக ஆடினால் குடிகாரன் வேஷம் மாதிரி இருக்கிறது. என்னதான் செய்வது?

உடுக்கடி:
மக்களே, நான் வில்லுப்பாட்டுக்கு 20 வருஷத்துக்கு மேல் உடுக்கு அடித்தவன். கோயில் கொடை விழாவில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு பாடும்போது கோமரத்தாடி, அதான் சாமியாடி, ஆடுவதைப் பார்த்திருப்பாய், எல்லாம் கட்டுமீறிப் போன மாதிரி தெரியும். அந்த நேரம் வில்லுப்பாட்டில் தாளத்துக்குக் குடம் அடிக்கிறவர் கையைப் பார். ஒரு அடி முன்னே பின்னே போகாது. எனக்கு ஒரு தடவை கை பிசகி வேகம் குறைந்துபோனது, ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று என்னை முறைத்தார். முறைத்தது சாமியா ஆளா என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அதனால் கலைக்க ஆள் போடாதே, ஆசானை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்.

முட்டத்துக்காற்று:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் அங்கே சாமி இருக்கிறது, இவர்களிடம் யார் இருக்கிறார்கள்? 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் மரினா அப்ரமோவிச் என்ற நிகழ்த்துகலைக் கலைஞர் ‘ரிதம் 0’ என்று ஒன்று செய்தார். மேஜையில் 72 பொருள்கள். ரோஜா, தேன், கத்தரிக்கோல், அப்புறம் ஒரு துப்பாக்கியும் தோட்டாவும். இவற்றை என்மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்துவிட்டு 6 மணி நேரம் எதிர்ப்பே காட்டாமல் நின்றார். ஆரம்பத்தில் பூ கொடுத்தவர்கள் போகப்போகத் துணியை வெட்டினார்கள், கடைசியில் துப்பாக்கி அவர் கழுத்துவரை போனது. அவர் குழப்பத்தை நடிக்கவே இல்லை பாருங்கள், விதியை மட்டும் வைத்தார், மிச்சத்தை வந்தவர்கள் செய்தார்கள். நீங்களும் களியலே தெரியாத ஒருவர் கையில் கம்பைக் கொடுத்து வட்டத்துக்குள் விடுங்கள். மற்றவர்கள் நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

குளச்சல் பழசு:
விரல் பத்திரம். கடைசி வேகத்தில் புது ஆள் கையை நீட்டினால் நகம் போகும், எனக்குப் போயிருக்கிறது. மெதுவான பாட்டிலேயே உள்ளே விடுங்கள்.

தக்கலைக்காரன்:
நேற்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமாவைக் கூட்டிவந்து கம்பைக் கொடுத்தோம். அவர் கம்பைத் தூக்கியவர் எப்போது அடிப்பது என்று தெரியாமல் அப்படியே நிற்கிறார், பின்னால் வந்தவன் அவரைச் சுற்றிப் போக, வட்டம் முட்டை மாதிரி நெளிந்து, இரண்டு பேர் காற்றில் அடித்து, விளக்கு சாயப் போய் ஒருவன் காலால் தடுத்தான். ஆசான் பாட்டை விடவில்லை. அந்த ஐந்து நிமிஷமும் நாங்கள் தேடியது அப்படியே இருந்தது. ஆறாவது நிமிஷம் மாமாவுக்குச் சுவடு, அதாவது கால் வைக்கும் முறை, பிடிபட்டுவிட்டது. இப்போது நாளைக்கும் வருகிறேன் என்று நிற்கிறார், எப்படி வேண்டாம் என்று சொல்வது?