மறு: இயந்திரம் இட்டுக்கட்டும் தீர்ப்புகளுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகச் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஹாலுசினேஷன்' என்கிறார்கள். அதற்கு 'மாயத்தோற்றம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்ற நிலைக்கு இந்த இழை வந்திருக்கிறது. கணினித் துறையில் அது பொதுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாம் தொகுப்பது சட்டத் துறைக்கான கலைச்சொல் பட்டியல். அங்கே அந்தச் சொல் உதவாது என்பது என் உறுதியான கருத்து. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பேர் வைக்கப்போகும் பொருள் எது என்று முதலில் பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்தது நியூயார்க் வழக்கு. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாக ஒரு பயணி ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகள் இருந்தன. 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்' என்று கேட்பதற்கு அசலாகவே ஒலிக்கும் பெயர், தொகுதி எண், பக்க எண், தீர்ப்பு எழுதிய நீதிபதிகளின் பெயர் எல்லாம் இருந்தன. தீர்ப்பு மட்டும் எங்கும் இல்லை. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அதோடு, அந்தப் பொய்த் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பி விவரம் சொல்லும்படியும் உத்தரவிட்டார்.

நமக்கு முக்கியமான இடம் அந்தக் கடிதங்கள்தான். உயிரோடு பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி சொல்லாததை அவர் சொன்னதாக ஏற்றிவிட்டது இயந்திரம். கலைச்சொல் இந்தச் செயலைக் காட்ட வேண்டும். 'மாயத்தோற்றம்' என்றால் யாருக்கோ கண் மயங்கியது என்றுதான் பொருள் வரும். பார்ப்பவர் பாவம், அவர் என்ன செய்வார் என்ற தொனி அதில் ஏறிவிடுகிறது. மனுவில் கையெழுத்துப் போட்டவர் ஒளிந்துகொள்ள அது நல்ல இடம். வழக்கறிஞர் எழுந்து நின்று "மாயத்தோற்றம் ஏற்பட்டுவிட்டது, ஐயா" என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். காய்ச்சல் வந்துவிட்டது என்பது போல இருக்கும்.

'பிரமை' என்ற முன்மொழிவுக்கும் இதே மறுப்புத்தான். கூடவே இன்னொரு சிக்கல். தருக்க நூல்களில் பிரமை என்றால் மெய்யறிவு. பிரமாணம், பிரமேயம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். மயக்கம் என்று பொருள்படும் பிரமை வேறு சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிரமாணப் பத்திரம் தினமும் தாக்கலாகும் இடத்தில் இந்தக் குழப்பத்தை நாமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

'புனைதீர்ப்பு' என் காதுக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். கம்பெனியைச் சட்டம் ஒரு நபராகக் கொள்கிறது. கோயிலில் இருக்கும் தெய்வம் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்கும் போடலாம். இவற்றைச் சட்டப் புனைவு என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அது சட்டம் தெரிந்தே செய்யும், பயனுள்ள காரியம். அதே வேர்ச்சொல்லை இந்தப் பொய்களுக்கும் கொடுத்தால் மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

'போலித் தீர்ப்பு' என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். போலிப் பத்திரம், போலிக் கையெழுத்து என்று மக்களிடம் புழங்கும் சொல்தான். ஆனால் அங்கே அது குற்றத்தின் பெயர், ஏமாற்றும் எண்ணத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. விசாரிப்பதற்கு முன்பே நீதிமன்றம் அந்தச் சொல்லைப் போட்டால் பாதித் தீர்ப்பு எழுதியது போல ஆகிவிடும். 'இல்தீர்ப்பு' இந்தக் குறை இல்லாதது. இல்லாத பொருளை உவமையாக்கும் இல்பொருள் உவமை பள்ளியிலேயே படித்ததுதானே. ஆனால் 'இல்' என்றதும் வீடும் நினைவுக்கு வருகிறது. புணர்ச்சி விதிப்படி எழுதினால் 'இற்றீர்ப்பு' என்று வேறு ஆகிவிடும். அதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

சரி, என் முன்மொழிவு: செயலுக்கு 'இட்டுக்கட்டல்', அப்படி வந்ததற்கு 'இட்டுக்கட்டுத் தீர்ப்பு'.

"இல்லாததை எல்லாம் இட்டுக்கட்டிச் சொல்றான்" என்பது ஊரெல்லாம் புழங்கும் பேச்சு, யாருக்கும் விளக்க வேண்டாம். அது மட்டும் காரணமல்ல. நமக்கு வேண்டிய பொருளிலேயே இந்தச் சொல் ஏற்கெனவே கலைச்சொல்லாக இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் ஹதீஸ் (நபிகளின் சொல், செயல் பற்றிய செய்தி) ஆய்வில் 'இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்' என்று எழுதுகிறார்கள். நபிகள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகச் சேர்த்த செய்தி அது. செய்தியை ஒருவர் வழி ஒருவராகச் சொல்லிவந்த அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு பெயராகச் சோதித்து, ஆதாரப்பூர்வமானது, பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது என்று தரம் பிரிக்கிறார்கள். அதிகாரமுள்ள ஒருவர் பெயரில் இல்லாத கூற்றை ஏற்றுவது, அதைத் தொடர் பிடித்துச் சரிபார்ப்பது என்று இரண்டையும் கையாளும் ஒரு துறை தமிழிலேயே இருக்க, நாம் வெளியே தேட வேண்டியதில்லை. இயந்திரம் வேலை செய்யும் விதத்துக்கும் சொல் பொருந்துகிறது. அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்து, ஒவ்வொன்றாக இட்டு, வாக்கியமாகக் கட்டுகிறது. உண்மையான தீர்ப்பைச் சொல்லும்போதும் அப்படித்தான் கட்டுகிறது. அதனால்தான் இரண்டும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன.

இட்டுக்கட்டு என்றாலே எண்ணம் இருக்கிறது, இயந்திரத்துக்கு ஏது எண்ணம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது குற்றத்தின் பெயர் அல்ல. அதே நேரம், கேட்டவுடன் "யார் கட்டியது, யார் பார்க்காமல் விட்டது?" என்ற கேள்வி எழுகிறது. அந்த உறுத்தல் எனக்கு வேண்டும். லண்டனில் 2025 ஜூனில் தீர்ப்பான ஒரு வழக்கில் 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் இல்லவே இல்லை. அங்கே நீதிமன்றம் பேசியதெல்லாம் வழக்கறிஞரின் கடமையைப் பற்றித்தான்.

அடுத்தது, இழையில் யாரும் தொடாத விஷயம். எனக்கு இதுதான் பெரிய கவலை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் சட்ட ஆராய்ச்சிக்கென்றே விற்கப்படும் கருவிகளைச் சோதித்தார்கள். உண்மையான தீர்ப்புத் தொகுப்பிலிருந்து தேடி எடுத்துத் தரும் கருவிகள் அவை. அவற்றிலும் 17 முதல் 33 விழுக்காடு வரை பிழை. அந்தக் கணக்கில் இரண்டு வகை சேர்ந்திருக்கிறது. ஒன்று, பதிலே தவறு. மற்றது, சுட்டப்படும் தீர்ப்பு உண்மை, எண்ணும் சரி, ஆனால் இயந்திரம் சொல்லும் கருத்து அதில் இல்லை. தோற்ற தரப்பின் வாதத்தை நீதிமன்றத்தின் முடிவாக எடுத்திருக்கும், அல்லது மேல்முறையீட்டில் ரத்தானதைச் சொல்லாமல் விட்டிருக்கும்.

இட்டுக்கட்டுத் தீர்ப்பை இளம் வழக்கறிஞர்கூடக் கண்டுபிடித்துவிடலாம். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்கு 2023இல் கொண்டுவந்த பொது மேற்கோள் எண்ணை இணையத்தில் தட்டினால், தீர்ப்பு இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. உண்மையான தீர்ப்பில் இல்லாத கருத்தை ஏற்றும் வகையைக் கண்டுபிடிக்கத் தீர்ப்பை முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆகவே தனிப் பெயர் கட்டாயம் வேண்டும், இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. மணிமேகலையின் 29ஆம் காதை தரும் 'ஏதுப்போலி' பொருளளவில் கிட்டே வருகிறது. காரணம் போலத் தோன்றும், முடிவை நிறுவாது. ஆனால் கோர்ட் குமாஸ்தாவுக்குப் புரியாத சொல்லைப் பட்டியலில் வைத்துப் பயனில்லை. 'பொருந்தா மேற்கோள்' என்று வைக்கலாம். பொருந்தாச் சொல்லைக் கண்டறிக என்று தேர்வு எழுதியவர்கள்தானே எல்லோரும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சட்டத் தருக்கத்தைக் கணினிக்குக் கற்பிக்கும் முயற்சி சாட்ஜிபிடியோடு தொடங்கியதல்ல. 1980களில் கெவின் ஆஷ்லி உருவாக்கிய ஹைப்போ என்ற நிரல், வணிக ரகசிய வழக்குகளில் இரு தரப்பு வாதத்தையும் முன்தீர்ப்புகளோடு ஒப்பிட்டுக் கட்டிக் காட்டியது. உள்ளே கொடுத்த வழக்குகளைத் தவிர வேறெதையும் அதனால் சுட்ட முடியாது, அதனால் இட்டுக்கட்டலுக்கே இடமில்லை. இட்டுக்கட்டல் எல்லாச் செயற்கை நுண்ணறிவுக்கும் உரிய பொதுக்குணம் என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளுக்கு என்று வரையறுத்து எழுதுங்கள்.

இந்தச் சொற்கள் நீதிமன்ற உத்தரவில் உட்காருமா என்று எழுதிப் பார்த்தேன்: "மனுவின் 7ஆம் பத்தியில் உள்ள இரண்டும் இட்டுக்கட்டுத் தீர்ப்புகள், 9ஆம் பத்தியில் உள்ளது பொருந்தா மேற்கோள்." எனக்கு இடறவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையே வகுத்துவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் உத்தரவு எழுதுகிறார்கள், சொல் சீக்கிரமே தேவைப்படும்.

'இட்டுக்கட்டுத் தீர்ப்பு' நீளம் என்று நினைப்பவர்கள் 'கட்டுத்தீர்ப்பு' என்று சுருக்கலாமா? கட்டுக்கதை இருக்கிறதே. ஆனால் தீர்ப்புக் கட்டு என்று கோப்பையும் சொல்வதால் எனக்குத் தயக்கம். மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடும் நண்பர்கள் இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.